சுவரேறிய போர்வை

ஆர்லிஸ் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த நீல நட்சத்திரம், அவளுடைய கணவர் டெல்மரின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஊர்க் காப்பிக்கடை வரைக்கும் போய்விட்டது.

அங்கே ஜன்னலோர மேஜையில் பகடை உருட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அன்றைய காப்பிச் செலவு யார் தலையில் என்பதைத் தினமும் பகடைதான் முடிவு செய்யும்.

"என்னப்பா டெல்மர், ஷெரீஃப் வேலை கிடைச்சிருச்சா?" என்றார் வர்ஜில். "நட்சத்திரத்தை நெஞ்சுல குத்துவாங்கன்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன்."

டெல்மர் கையை முதுகுப்பக்கம் வளைத்தார். எட்டவில்லை. மறுகையை வளைத்தார். அதுவும் எட்டவில்லை. நார்பர்ட் எழுந்து வந்து துணியைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். ஊசி இல்லை, நூல் இல்லை, பசை இல்லை. டெல்மர் போட்டிருந்தது பிளானல் சட்டை. அதன் மெத்தென்ற ரோமப் பரப்பில் பருத்தித் துணி உடும்பாகப் பிடித்துக்கொண்டு, வெளியே அடிக்கும் காற்றிலும் விழாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"செத்தேன்," என்றார் டெல்மர். "சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சும்மா முதுகைச் சாய்ச்சேன். அதுக்குள்ள இது ஏறிக்கிச்சு."

"யார் கட்டில்ல?" என்றார் லீலண்ட். நால்வரில் மூத்தவர் அவர்தான்.

"என்னய்யா கேள்வி இது? என் கட்டில்லதான்!"

"அப்போ தப்புதான்," என்றார் லீலண்ட் வருத்தத்தோடு.

விஷயம் இதுதான். ஆர்லிஸ் ஒட்டுப்போர்வை தைக்கிறவள். கலர் கலரான துண்டுத் துணிகளை நட்சத்திரமாகவும் கட்டமாகவும் வெட்டி, ஒன்றோடு ஒன்று இணைத்துத் தைக்கிற போர்வை. தைப்பதற்கு முன்னால் எதற்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்தாக வேண்டும். பரப்ப இடம் வேண்டும். அவள் தேர்ந்தெடுத்த இடம், கட்டிலில் டெல்மர் படுக்கும் பக்கம்.

ஓரமாக மிஞ்சுகிற ஒரு முழ இடத்தில் ஆர்லிஸ் புரளாமல் படுத்துக்கொள்வாள். ஒரு துண்டுகூட இடம் மாறாது. அந்த நெருக்கடியில் படுத்தும் காலையில் ரோஜாப்பூ மாதிரி எழுந்து வருவாள். டெல்மருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்று முதல் வாரமே முடிவாகி, அவர் கீழே கூடத்து சோபாவுக்கு மாற்றப்பட்டார். மாறி மூன்று வருஷமாகிறது. போர்வை இன்னும் முடியவில்லை.

"சோபாவா?" என்றார் நார்பர்ட். "நீ கொடுத்து வெச்சவன். நான் நிலவறையில நாய்க்குப் போட்ட பழைய மெத்தையில படுக்கிறேன். நாயே பாவம் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்துக்குது."

"எனக்குக் காத்தடைச்ச மெத்தை," என்றார் வர்ஜில். "படுக்கும்போது மேல இருப்பேன். எந்திரிக்கும்போது தரையில இருப்பேன்."

"எனக்குச் சாய்வு நாற்காலி," என்றார் லீலண்ட். "உங்க வீட்டம்மாங்க போர்வையெல்லாம் எப்ப முடியுமாம்?"

மற்ற மூவரும் காப்பியைக் கிளறினார்கள். நான்கு பேருடைய மனைவிமாரும் வியாழக்கிழமை தோறும் சர்ச்சில் கூடித் தைக்கிற ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் தைப்பதைவிடப் பரப்புவதுதான் அதிகம் என்று ஊருக்கே தெரியும்.

டெல்மர் அந்த நட்சத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். சட்டையின் நெஞ்சில் வைத்துத் தட்டினார். ஒட்டிக்கொண்டது. எடுத்துத் தோளில் வைத்தார். அங்கேயும் நின்றது. தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் வேலை பார்த்த மூளை மெல்லச் சூடு பிடித்தது.

"ஏம்ப்பா, படுக்க வைக்கிறதாலதானே இடம் பத்தலை? நிக்க வெச்சா?"

"எதை?"

"போர்வையை! பெரிசா ஒரு பலகை. அதுமேல பிளானல். சுவத்துல சாத்திட்டா, அவ பாட்டுக்கு அதுல ஒட்டி ஒட்டிப் பார்க்கலாம். மாத்தலாம். தள்ளி நின்னு பார்க்கலாம். கட்டில் காலி!"

மூவரும் பகடையைக் கீழே வைத்தார்கள். காப்பி ஊற்ற வந்த பெண்கூட அப்படியே நின்றாள்.

"டெல்மர்," என்றார் வர்ஜில் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, "நீ முதல்ல செஞ்சு காட்டு. சரியா வந்துச்சுன்னா அளவை எங்களுக்கும் கொடு."

"நாய்தான் ஏங்கிப் போகும்," என்றார் நார்பர்ட்.

வீட்டுக்குப் போனதும் நட்சத்திரத்தையும் யோசனையையும் சேர்த்தே ஆர்லிஸிடம் ஒப்படைத்தார் டெல்மர். அவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?"

"சிரமமா? உனக்காக ஒரு சுவர் செய்யறது ஒரு சிரமமா?"

"அதில்லை டெல்மர். முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்களே. பலகையெல்லாம் தூக்கிக்கிட்டு…"

"சோபாவுல படுத்துத்தான் முதுகு வலி. கட்டிலுக்குப் போனா தானா சரியாயிடும்."

டெல்மருக்கு முதுகு மட்டும் காரணமில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், நான் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் ஆர்லிஸின் பாதங்கள் ஐஸ்கட்டியாக இருக்கும். போர்வைக்குள் வந்ததும் அவற்றை அவருடைய கணுக்காலில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். அவர் 'ஐயோ' என்று கத்துவார், அவள் சிரிப்பாள். மூன்று வருஷமாக அவரை யாரும் அப்படிக் கத்த வைக்கவில்லை. சோபாவில் கணுக்கால் கதகதப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே யாரும் யார் முகத்துக்கு நேராகவும் குறை சொல்லமாட்டார்கள். சூப்பில் உப்பு கரித்தால், "குளிருக்கு இதமா இருக்கு" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால், "இன்னிக்கு நிறைய விஷயம் சொன்னீங்க" என்பார்கள். சகிக்கவே முடியாது என்றால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்.

ஆகவே ஆர்லிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மாடியிலதாங்க வெளிச்சம் நல்லா இருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே டெல்மர் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனார். வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கிற பெரிய தெர்மாகோல் பலகை ஒன்றை வாங்கினார். இளஞ்சிவப்பு நிறம், ஆளைவிட உயரம், தூக்கினால் எடையே தெரியாது.

"கயித்துல கட்டிக்கங்க அண்ணே," என்றான் கடைக்கார கர்ட். "காத்து அடிக்குது."

"இதோ இருக்கு வீடு. இதுக்குப் போய்க் கயிறா?"

எங்கள் தெற்கு டகோட்டாவில் காற்றைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது. வண்டி தபால் நிலையத்தைத் தாண்டியபோது பலகை பின்னால் எழுந்து நின்றது. அடுத்த கணம் வண்டியில் இல்லை. டெல்மர் கண்ணாடியில் பார்த்தபோது அது தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் நார்பர்ட்டிடமிருந்து போன் வந்தது.

"டெல்மர், உன் சுவர் என் மாட்டுப் பட்டியில வேலி ஓரமா நிக்குது."

"அப்பாடா! இதோ வர்றேன்."

"வராதப்பா. மாடுங்க எல்லாம் காத்துக்கு அதுக்குப் பின்னால ஒதுங்கி நிக்குதுங்க. இப்பப் போயித் திருப்பிக் கேட்டா நல்லா இருக்காது."

டெல்மருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேறு பலகை வாங்கினார். இந்தமுறை கயிறு போதாது என்று, பாரத்துக்கு வர்ஜிலைக் கூட்டிக்கொண்டு போனார். வர்ஜில் பலகையின்மேல் மல்லாந்து படுத்து, ஊரே அடையாளம் காணும் தன் தொப்பியைக் குளிருக்கு அடக்கமாக முகத்தின்மேல் இழுத்துவிட்டு, கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டார். நண்பர் குலுங்கக்கூடாதே என்று டெல்மர் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். வானம் மூட்டமாக இருந்ததால் விளக்கையும் போட்டுக்கொண்டார்.

எதிரே வந்த வண்டிகள் ஓரம் கட்டி நின்றன. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். டெல்மர் பதிலுக்குக் கையசைத்தார். பின்னால் இரண்டு கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தொடர்ந்து வந்தன.

பலகையை இறக்கிவிட்டு வர்ஜிலை அவர் வீட்டில் கொண்டுவிட்டபோது, அவர் மனைவி லவோன் வாசலிலேயே நின்றிருந்தாள். சமையலறை மேஜைமேல் ஆவி பறக்க மூன்று கண்ணாடித் தட்டுகள் இருந்தன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ். அடியில் கொண்டுவந்தவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்து போவது சவ ஊர்வலத்தில்தான்; ஒரு வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று ஹாட்டிஷ் வருவதும் இழவு விழுந்தால்தான்.

"என்னன்னே புரியலைங்க," என்றாள் லவோன். "வந்தாங்க, கட்டிப் பிடிச்சாங்க, தட்டை வெச்சாங்க, மூக்கைத் துடைச்சுக்கிட்டே போயிட்டாங்க."

"ஏன்னு கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிங்க கேக்கறது? ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்காங்க. ஏன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

வர்ஜில் ஒரு தட்டைத் திறந்து மோந்து பார்த்தார். "நார்பர்ட் வீட்டம்மா பெர்னிஸ் கைப்பக்குவம். நான் உயிரோட இருக்கும்போது இவ்வளவு சீஸ் போட்டதே இல்லை."

மறுநாள் காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வர்ஜிலே நேரில் போய் நின்றார். கதவைத் திறந்த பெர்னிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கீங்க," என்றாள். அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக வர்ஜில் பிறகு சொன்னார்.

இதற்குள் டெல்மர் வீட்டு மாடிப்படியில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. படி பாதியில் திரும்புகிறது. பலகை திரும்பவில்லை. டெல்மர் மேலே போய் இழுத்தார். பலகை கூரைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நறுக்கென்று இறுகி உட்கார்ந்தது. மேலே டெல்மர். கீழே சமையலறை, காப்பி, கழிவறை.

"ஆர்லிஸ்! நான் மாட்டிக்கிட்டேன்!"

அவள் கீழ்ப்படியில் வந்து நின்று பார்த்தாள். "கீழயே விட்டுடலாமேங்க. போனா போகுது. நான் கட்டில்லயே பரப்பிக்கிறேன்."

"அந்தப் பேச்சே வேண்டாம்! ரொட்டி வெட்டற கத்தியைக் கொடு."

மிஞ்சிய இடுக்கு வழியாக முதலில் ஒரு சாண்ட்விச் வந்தது. பிறகு கத்தி வந்தது. டெல்மர் சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டு பலகையை நெடுக அறுத்தார். தெர்மாகோல் துகள் பறந்து தலையில், புருவத்தில், சாண்ட்விச்சில் எல்லாம் ஒட்டியது. வெளிப்பட்டபோது அவர் பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தார். பூனை அவரைப் பார்த்துவிட்டு சோபாவுக்கு அடியில் போனது.

இரண்டு துண்டையும் ஒட்டி, பின்பக்கம் சட்டம் அடித்து, ஒருவழியாக மாடியில் நிறுத்தினார். பிளானல் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். அவ்வளவு அகலத்தில் கடையில் இருந்த ஒரே பிளானல், வாத்து வேட்டைக்காரர்கள் விரும்புகிற வகை. பச்சைத் தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன. அதை இழுத்துக் கட்டி, ஆணி அறைந்து, ஆர்லிஸைக் கூப்பிட்டார்.

அவள் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். இன்னொன்றை ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். எது நட்சத்திரம் எது வாத்து என்றே தெரியவில்லை.

"எப்படி இருக்கு?"

ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "வித்தியாசமா இருக்குங்க."

டெல்மர் மாடிப்படியில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆனால் ஆசை யாரை விட்டது? துணியைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பினார். வாத்துகள் மறைந்தன. வெள்ளைவெளேரென்ற பிளானல். வைத்த துண்டு வைத்த இடத்தில் நின்றது. டெல்மர் வெற்றியோடு ஒரு மஞ்சள் கட்டத்தையும் தானே எடுத்து ஒட்டினார்.

அந்த நேரம் பார்த்து நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கணப்பு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பலகைக்கு நேர் கீழே தரையில் வெந்நீராவி மாதிரி சூடான காற்று வருகிற துவாரம். நட்சத்திரங்கள் படபடத்தன. ஒவ்வொன்றாகக் கிளம்பின. மஞ்சள் கட்டம் அறையைச் சுற்றி வந்து டெல்மரின் காப்பிக் கோப்பையில் இறங்கியது.

"பாவம், எவ்வளவு பாடுபட்டீங்க," என்றாள் ஆர்லிஸ், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. அவள் குரல் என்னவோ ரொம்ப உற்சாகமாக இருந்தது. "துவாரத்தை அடைச்சா குளிர்ல செத்துடுவோம். விட்டுடுங்க டெல்மர். கட்டில்லயே நான் பரப்பிக்கிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

இப்படி ஒரு பெண்ணா என்று டெல்மர் உருகிப்போனார். ஒரு முழ இடத்தில் மூன்று வருஷமாகப் புரளாமல் படுத்துக்கொண்டு, ஒரு கஷ்டமும் இல்லை என்கிறாளே! இவளுக்கு ஒரு சுவர் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன புருஷன் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

பலகையை மறுபடி பிரித்துக் கீழே இறக்கினார். சாப்பாட்டு அறையில் வைத்துப் பார்த்தார். பீங்கான் அலமாரியின் கதவு திறக்கவில்லை. நடையில் வைத்தார், குளியலறைக்குப் போக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கவேண்டியிருந்தது. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். கதவைத் திறந்ததும் ஊர்க் காற்று முழுக்க உள்ளே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் ஆர்லிஸ் காப்பி போட்டுக் கொடுத்து, "விட்டுடுங்களேன்" என்றாள். ஒவ்வொரு தடவையும் டெல்மரின் பிடிவாதம் ஒரு படி ஏறியது.

கடைசியில் கூடத்தின் நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். வெளிச்சம் சரி. காற்று இல்லை. அகலம் அளவெடுத்துக் கட்டிய மாதிரி. வீட்டிலேயே பொருத்தமான ஒரே சுவர் அதுதான். அந்தச் சுவரை ஒட்டி சோபா கிடந்தது.

டெல்மருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் இது ஏன் தோன்றாமல் போயிற்று? கட்டில் கிடைத்தபிறகு சோபா எதற்கு?

வியாழக்கிழமை காலையில் வர்ஜிலும் நார்பர்ட்டும் வந்து சோபாவைத் தூக்கினார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் இளைஞர்கள் கூடும் அறைக்கு ஒரு சோபா வேண்டும் என்று பாதிரியார் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆர்லிஸ் மாவுக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"சோபாவை எங்க கொண்டு போறீங்க?"

"தானம்!" என்றார் டெல்மர். வாயெல்லாம் பல்.

"ஐயோ, அது நல்ல சோபாங்க! அது… அது இருக்கட்டுமே. யாராவது வந்தா உக்கார?"

"நாற்காலி இருக்கு."

"நீங்க மத்தியானம் படுக்க?"

"கட்டில் இருக்கு!"

ஆர்லிஸின் கண்களில் தண்ணீர் முட்டியது. சோபா வாசல் நிலையில் இடித்துத் திரும்பி, படியிறங்கி, வண்டியில் ஏறுகிறவரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்மருக்கும் கண் கலங்கியது. முப்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் சந்தோஷத்தில் அழுது அவர் பார்த்ததே இல்லை. அவள் தோளை அணைத்துக்கொண்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாவுக் கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் சுவர் நின்றுவிட்டது. நேராக, கெட்டியாக, ஒரு சுருக்கம் இல்லாமல். டெல்மர் மாடிக்குப் போய்க் கட்டிலிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து வரிசை தப்பாமல் அதில் ஏற்றினார். நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாக நட்சத்திரங்கள் சுவரில் விரிந்தபோது அவரே ஒரு கணம் அயர்ந்துபோனார். இவ்வளவு அழகான பொருளையா நான் மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தார். பிறகு தன் தலையணையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் தன் பக்கத்தில் வைத்தார். அதை இரண்டு முறை தட்டிக்கூடக் கொடுத்தார்.

அன்றைக்குத் தையல் கூட்டத்தைச் சர்ச்சில் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டெல்மரே எல்லார் வீட்டுக்கும் போன் செய்து சொல்லியிருந்தார். லவோன் வந்தாள். பெர்னிஸ் வந்தாள். லீலண்டின் மனைவி ஆர்டித் அம்மாளும் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தில் அவர்தான் பெரியவர். காது மந்தம். தனக்குக் கேட்காததால், தான் பேசுவதும் பிறருக்குக் கேட்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவர் சொல்லும் ரகசியங்கள் தெருக்கோடி வரைக்கும் போகும்.

பெண்களோடு ஆண்களும் வந்தார்கள். நாற்காலி தூக்கிப்போட என்று சொன்னார்கள். ஆனால் வர்ஜில் சட்டைப்பையில் அளவு நாடா எட்டிப் பார்த்தது. நார்பர்ட் காதில் பென்சில் செருகியிருந்தார். லீலண்ட் சுவரை ஓரமாகத் தொட்டுத் தடவிப் பார்த்து, "கர்ட் கிட்டப் பலகை மிச்சம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலு இருக்காம். சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் டெல்மர்.

"நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்," என்றார் வர்ஜில். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் கட்டில்!"

மூவரும் டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நார்பர்ட் ஒரு தடவை குலுக்கிவிட்டு, மறுபடியும் பிடித்துக் குலுக்கினார். ஆண்கள் சமையலறை வாசலில் கூக்கன் கேக்கைத் தின்றுகொண்டு, அளவுகளைப் பேசிக்கொண்டு நின்றார்கள். யார் முகத்தைப் பார்த்தாலும் கல்யாண மாப்பிள்ளைக் களை.

கூடத்தில் பெண்கள் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். யாரும் காப்பியைத் தொடவில்லை. ஆர்லிஸ் முந்தானை இல்லாத குறைக்குச் சமையல் ஏப்ரனின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள் லவோன்.

"ரொம்பவே வித்தியாசமா இருக்கு," என்றாள் பெர்னிஸ்.

டெல்மருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே தப்பு? நேராகத்தானே நிற்கிறது? வாத்து ஏதாவது தெரிகிறதா? கேக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். மற்ற மூவரும் அவர் பின்னாலேயே வந்தார்கள்.

ஆர்டித் அம்மாள் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சோபா இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அளவு நாடாவும் பென்சிலுமாக நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஆர்லிஸின் காதருகே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் சொன்னார்.

"அடியே ஆர்லிஸ், குறட்டை தாங்காம கட்டில்ல துணி பரப்புற வித்தையை எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே நீதானே! நீயே சுவத்துக்கு மாறிட்டா, இனிமே நாங்க எல்லாம் எப்படிடி தூங்கறது?"